ஒன்பதரை முதல் ஆறு வரை

ஜூன் 7, சனிக்கிழமை

தும்பியின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, நான்காவது நிமிடம் தும்பி காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில். அதனால் அண்ணன் சொன்னபடி எழுதியே தொலைப்போம் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று அவள் போய்வர ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. இனிமேல் அவள் பையில் நம் கடிதமும் போய்வரட்டும். அண்ணன்தானே சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறார், அவருக்கும் சுமை கூடப்போவதில்லை.

கூட இருக்கிற பச்சை அட்டை நோட்டு புது டாக்டரம்மா கொடுத்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நிறையப் பேருக்குத் தூக்கம் இப்படித்தான் இருக்குமாம், நம் வளர்ப்பில் வந்த குற்றம் இல்லையாம். எட்டு வருடத்தில் இதை என்னிடம் ஒருவர் சொல்வது இதுதான் முதல் தடவை. அங்கேயே அழுதுவிட்டேன். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதம் இரண்டு வீட்டுத் தூக்கத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். எத்தனை மணிக்குப் படுத்தாள், எப்போது தூங்கினாள், எப்போது விழித்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள். நான்கே கட்டம்தான்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எழுதுங்கள். அவள் தூங்கினாளா என்று எழுதச் சொல்கிறேன், நீங்கள் தூங்கினீர்களா என்று இல்லை. உங்கள் தூக்கத்துக்கு நோட்டே தேவையில்லை, கும்பகர்ணனுக்கு யார் கணக்கு எழுதுவார்கள்? போன வருடம் நடந்ததை மறுபடி கிளறவில்லை. வாசல் தாழ்ப்பாளை மட்டும் உயரத்தில் மாட்டிவிடுங்கள்.

போன தடவை ஒற்றைக் கால் உறைதான் திரும்பி வந்தது. மஞ்சள் நிறம். இன்னொன்று அங்கேதான் கிடக்கும்.

தும்பியின் அம்மா


ஜூன் 14

தும்பியின் அம்மாவுக்கு,

மஞ்சள் உறை கட்டிலுக்குப் பின்னால் இருந்தது, வைத்திருக்கிறேன். தாழ்ப்பாளை என் தலைக்கு மேலே மாட்டியாகிவிட்டது. இப்போது எனக்கே எட்டமாட்டேன் என்கிறது.

ஏழாவது மாடி என்று சொன்னால் எல்லோரும் வசதி என்று நினைக்கிறார்கள். தலைக்கு மேலே லிஃப்ட் மோட்டார் அறை. அந்தச் சத்தத்துக்கு யாரும் குடிவராததால்தான் லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த வாடகையில் கிடைத்தது. தும்பிக்கு அந்தச் சத்தம் தொந்தரவாக இல்லை. வேலை வழக்கம்போல. நேற்று ஒரு அலுவலகத்தில் நான்கு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, நான் கதவைத் திறந்ததும் நான்தான் மூடினேன் என்பதுபோல என்னைத் திட்டினார்கள்.

நோட்டு எழுதியிருக்கிறேன். ஏழு நாளும் ஒன்பதரை முதல் ஆறு வரை. நன்றாகவே தூங்கினாள். நீ கும்பகர்ணன் என்று எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், சிரித்தாள். அல்லது என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தாளோ, தெரியவில்லை.

தும்பியின் அப்பா


ஜூலை 5

தும்பியின் அப்பாவுக்கு,

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். உங்கள் இரண்டு வாரத்தையும் என் இரண்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உங்கள் பக்கம் எட்டரை மணி நேரம். என் பக்கம் நாலு, மூன்றரை, ஐந்து, மூன்று. அவர் கடிந்து ஒன்றும் பேசவில்லை. அமைதியாகத்தான் சொன்னார்: "ஒரு வீட்டுல தூங்குற குழந்தை இன்னொரு வீட்டுலயும் தூங்கும்மா. மாத்திரை இப்ப வேண்டாம். உங்க வீட்டுல என்ன வித்தியாசம்னு பாருங்க." உங்க வீட்டுல என்று சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு நல்லவர்.

வந்ததிலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் திரை தடிமனாக இருக்கும், வாங்கி மாட்டினேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். உங்கள் வீட்டில் கூடாரம் கிடையாது, இங்கே உண்டு. கட்டில் மேலே நீலப் போர்வையில் தைத்துக் கொடுத்தேனே, அதற்குள்ளேதான் விழித்திருந்தால்கூட முனகிக்கொண்டு படுத்திருப்பாள். அது பழகிப்போய்த்தான் கெட்டுவிட்டாளோ என்று அதையும் எடுத்துவிட்டேன். இரண்டு ராத்திரியும் கட்டிலைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். மறுபடி கட்ட மனம் வந்துவிடக் கூடாது என்று போர்வையைத் துடைக்கும் துணியாக வெட்டிப் போட்டேன்.

இன்னொன்றும் உண்டு, அதை டாக்டரிடம் சொல்லவில்லை. போன மாதத்திலிருந்து புதிதாக ஒரு பழக்கம். ராத்திரி இரண்டு மணி வாக்கில் எழுந்து இரும்பு பீரோவுக்கு முன்னால் போய் நிற்கிறாள். கைப்பிடிக்குப் பக்கத்தில் விரலால் அழுத்துகிறாள். "ஏழு" என்கிறாள். பிறகு காத்திருக்கிறாள். திறந்து காட்டினால் உள்ளே இருக்கும் துணிகளைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு அழுகை. மூடிவிட்டு மறுபடி அழுத்துகிறாள். விடியும்வரை இதுதான். பேசுகிற பத்து வார்த்தையில் ஒன்று ஏழு என்று ஆகிவிட்டது, எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பெற்ற தாய்க்குப் புரியவில்லை.

ரத்தப் பரிசோதனைக்கூட வேலையிலும் ஒரு தப்பு நடந்தது. இரண்டு பேரிடம் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். கூட வேலை பார்க்கிற பெண் கவனித்துவிட்டாள், அதனால் தப்பித்தோம். பதினொரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்? கிண்டலாகக் கேட்கவில்லை. என்னவாக இருந்தாலும் அப்படியே செய்கிறேன், எழுதுங்கள்.

தும்பியின் அம்மா


ஜூலை 12

தும்பியின் அம்மாவுக்கு,

தனியாக ஒன்றும் செய்வதில்லை. சாப்பாடு, குளியல், விளக்கை அணைப்பது, அவ்வளவுதான்.

நீ கேட்டதால் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ ரொம்பப் பதறுகிறாய். அவள் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாய். அந்தப் பதற்றம் அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் விட்டுப் பிடித்துப் பார்.

கூடாரத்தை எடுத்திருக்க வேண்டாம்.

இந்த வாரமும் ஒன்பதரை முதல் ஆறு வரை. நோட்டில் இருக்கிறது.

தும்பியின் அப்பா


ஜூலை 19

அன்புள்ள தும்பி அப்பாவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நீங்கள் எழுதியது உண்மைதான். நான் பதறுகிறவள். இந்த வாரம் விட்டுப் பிடித்தும் பார்த்தேன். பக்கத்து அறையில் படுத்து, தலையணையால் காதை மூடிக்கொண்டேன். பீரோவை அடிக்கும் சத்தம் தலையணைக்குள்ளும் கேட்டது. காலையில் போய்ப் பார்த்தால் அழுத்தி அழுத்தி ஆள்காட்டி விரலில் நகம் பிய்ந்து ரத்தம். தினமும் பத்துப் பேர் விரலைப் பிடித்து ரத்தம் எடுக்கிறவள் நான். அவள் விரலில் துணி சுற்ற எனக்கு மூன்று தடவை ஆனது.

அவளுக்குத் தூக்கம் வரவிடாமல் செய்வது நான்தான். இது என் ஊகம் இல்லை, நோட்டில் இருக்கிறது. ஆறு வருடமாக ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்ததைப் பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்ததால்தான் அவள் தூங்கவில்லையோ? உங்களைத் தூங்கி வழிகிறவர் என்று எத்தனை பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன். கடைசியில் உங்கள் பக்கத்தில்தான் பிள்ளை தூங்குகிறாள். அன்றைக்கு உங்களைச் சொன்னதற்கெல்லாம் என்னை மன்னியுங்கள்.

அவள் உங்களிடமே இருக்கட்டும். கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றுவதற்கு விண்ணப்பம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து அங்கேதான். அவளுடைய மற்றத் துணிகளையும் பொருட்களையும் அடுத்த சனிக்கிழமை அண்ணன் கொண்டுவருவார். நான் ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். ராத்திரி தங்கமாட்டேன், பயப்பட வேண்டாம்.

பல் தேய்க்கும்போது இருபது எண்ணுங்கள். இருபத்தொன்று என்று சொன்னால் துப்பிவிடுவாள். சட்டைக் கழுத்தில் இருக்கிற சீட்டை வெட்டிவிட்டுத்தான் போட வேண்டும். பாலில் ஆடை இருந்தால் தம்ளரைத் தொடமாட்டாள். அழும்போது கட்டிப்பிடிக்கக் கூடாது, முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தால் போதும். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எழுதிவைத்தால் எனக்கு ஒரு ஆறுதல், அதனால் எழுதினேன்.

தும்பியின் அம்மா


ஜூலை 22, செவ்வாய்

தும்பியின் அம்மாவுக்கு,

சனிக்கிழமைவரை காத்திருக்க முடியாது. மச்சானை வேலை இடத்துக்கு வரச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நோட்டில் நான் எழுதியது ஒன்றுகூட உண்மை இல்லை. என் வீட்டிலும் தும்பி தூங்குவதில்லை.

முதல் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு எழுந்துவிட்டாள். அறையில் நடந்தாள், அப்புறம் கத்தினாள். கீழ் வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். லிஃப்ட் எதிரே நின்றது. உள்ளே போனதும் சுவிட்சைப் போட்ட மாதிரி அழுகை நின்றுவிட்டது. கீழே போனோம். "ஏழு" என்று சொல்லி அழுத்தச் சொன்னேன். அழுத்தினாள். கதவு மூடி, மேலே போய், திறந்தது. அப்படி ஒரு சிரிப்பு. என்னிடம் லிஃப்ட் சாவி இருக்கிறது, வேறு மாடியில் நிற்காமல் ஓட்டலாம். விடியும்வரை மேலேயும் கீழேயும் போய்வந்தோம். நாலரைக்குத் தரையில் என் கருவிப் பையில் தலைவைத்துக் கண்ணை மூடினாள். ஆறு மணிக்கு வீட்டுக்குத் தூக்கிவந்து எழுப்பினேன்.

அன்றைக்கு நோட்டை எடுத்து உண்மையை எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே உன் கடிதம் இருந்தது. கும்பகர்ணனுக்கு யார் கணக்கு எழுதுவார்கள் என்று கேட்டிருந்தாய். போன வருடம் என் முறை வந்த அன்று நான் தூங்கிப்போய், தும்பி தாழ்ப்பாளைத் திறந்து, வெறுங்காலோடு தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போனாளே, காவல்காரர் கொண்டுவந்து விட்டாரே. அவருக்கு முன்னால் நீ சொன்னது: "இந்தாளை நம்பி ஒரு ராத்திரி விட முடியாது." நியாயமான பேச்சு. ஆனால் அது என் காதில் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவையாவது என் வீட்டில் பிள்ளை ஒழுங்காக இருந்தாள் என்று நீ படிக்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்பதரை முதல் ஆறு வரை என்று எழுதினேன். இரண்டாவது நாள் உண்மையை எழுதினால் முதல் நாள் பொய்யாகிவிடும். அப்புறம் கை தானாகவே எழுதியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

வகுப்பில் மேஜையிலேயே தூங்கிவிடுகிறாள் என்று அவள் ஆசிரியை ஒரு சீட்டு அனுப்பினார். என் வாரத்தில். அதைக் கருவிப் பையில் போட்டு மறைத்துவிட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீ பீரோவைப் பற்றி எழுதியதைப் படித்தவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கு அது லிஃப்ட் கதவு. இரண்டு மணிக்கு எழுந்தால் லிஃப்ட் கிடைக்கும் என்று நான்தான் பழக்கிவிட்டேன். என் வீட்டில் திறக்கிற கதவு உன் வீட்டில் ஏன் திறக்கவில்லை என்றுதான் அழுகிறாள். புரிந்தும், நீ பதறுகிறாய் என்று உனக்கு உபதேசம் எழுதினேன். பொய்யைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த விரலில் வந்த ரத்தம் என்னால்.

நீ அவளைக் கெடுக்கவில்லை. மாத்திரை கிடைக்காமல் போனதும் கூடாரம் போனதும் என்னால்தான். மன்னிப்பு நீ கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு மோட்டார் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கீழே எவனோ லிஃப்டுக்குக் காத்திருந்து கத்தினான்.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு. அவளை என்னிடம் கொடுக்காதே. கொடுக்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன், இனிமேல் நீ அவளை இங்கே அனுப்பவே மாட்டாய் என்றும் தெரியும்.

தும்பியின் அப்பா


ஆகஸ்ட் 2

தும்பியின் அப்பாவுக்கு,

பத்து நாளாக எழுதவில்லை. எழுதினால் என்னென்ன வந்திருக்குமோ, அதெல்லாம் கடிதத்தில் எழுதக் கூடியவை இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நான் செய்தது பீரோ முன்னால் போய் நின்றதுதான். கைப்பிடிக்குப் பக்கத்தில் விரலால் அழுத்திப் பார்த்தேன். அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தால் சாம்பல் நிறக் கதவு நடுவில் பிளந்து, லிஃப்ட் மாதிரியேதான் இருக்கிறது. இத்தனை வருடம் துணி எடுக்கிறேன், கண்ணில் படவில்லை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உங்களுக்கு வந்ததா? இத்தனை ராத்திரி லிஃப்டில் உட்கார்ந்திருந்தீர்களே, அதை ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. எட்டு வருடத்தில் நீங்கள் விழித்திருந்தது அப்போதுதான். அதையா தூங்கினாள் என்று எழுதுவது? இதை நினைத்துச் சிரித்தேன், கொஞ்ச நேரம் கழித்து ஆத்திரம் வந்தது. இன்னும் போகவில்லை. நான் உங்களை மன்னிக்கவில்லை, அதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். என் பிள்ளையை நானே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கை என்னுடையது. ஆனால் பேனா நீங்கள் கொடுத்தது.

உங்களைக் கும்பகர்ணன் கும்பகர்ணன் என்று நான் குத்திக்கொண்டே இருந்ததும் உண்டு. உங்கள் பொய்க்கு அது நியாயம் ஆகாது. ஆனாலும் உண்டு.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். அவளை அனுப்பியும் இருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். அனுப்பமாட்டேன் என்று நினைத்தீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். காலையில் பையை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு அவளே நின்றாள். பிள்ளைக்கு அப்பா வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் நீங்களே போங்கள். எனக்குச் சொன்னதை அவருக்கும் உங்கள் வாயால் சொல்லுங்கள். ஆசிரியையின் சீட்டையும் காட்டுங்கள். புது நோட்டு வைத்திருக்கிறேன், சிவப்பு அட்டை.

அந்த நிறத்திலேயே போர்வை வாங்கி இன்னொரு கூடாரம் தைத்தேன். உள்ளே போகமாட்டேன் என்கிறாள். முகர்ந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறாள்.

தும்பியின் அம்மா


ஆகஸ்ட் 9

தும்பியின் அம்மாவுக்கு,

திங்கட்கிழமை போனேன். சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அப்புறம், "உங்க நோட்டை நம்பி நான் அந்தம்மாவை உங்க வீட்டுல என்ன வித்தியாசம்னு கேட்டுட்டேனே" என்றார். உன்னோடு தானே பேசுவதாகச் சொன்னார், பேசியிருப்பார். மாத்திரை குறைந்த அளவில் ஆரம்பிக்கிறோம், மருந்துச் சீட்டு நோட்டுக்குள் இருக்கிறது. லிஃப்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாமாம், பகலுக்கு மாற்றச் சொன்னார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழு தடவை போய்வருகிறோம். ராத்திரி கிடையாது.

ராத்திரி கிடையாது என்று எழுதிவிட்டேன். முதல் இரண்டு நாள் வாசல் கதவைப் போட்டு அடித்தாள். கீழ் வீட்டுப் பெரியவரிடம் முன்னாடியே போய் விஷயத்தைச் சொல்லியிருந்தேன், அவர் மேலே வரவில்லை. நீ எழுதியபடி முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கை மரத்துப்போயிற்று. இதை நீ ஆறு வருடம் செய்தாய். பக்கத்து அறையில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

நாம் முதல் வீட்டுக்கு ஜோடியாக வாங்கிய நீலப் போர்வையில் ஒன்று என்னிடம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. தனியாகப் பிரிந்து வரும்போது எடுத்து வந்துவிட்டேன், கேட்காமல். புதன்கிழமை அதில் கூடாரம் கட்டினேன். தையல் கோணல்தான், கம்பியால் கட்டியிருக்கிறேன், மெக்கானிக் வேலை. முகர்ந்து பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். இப்போது அதை மடித்து அவள் பையில் வைத்திருக்கிறேன். உன் வீட்டில் அது இருக்கட்டும். அடுத்த வாரம் அவளோடு திரும்பி வந்தால் சரி, வராவிட்டாலும் சரி.

நோட்டின் கட்டங்கள் எனக்குப் போதவில்லை. அதனால் நேற்று ராத்திரியை இங்கேயே எழுதுகிறேன்.

ஒன்பது ஐம்பது: படுத்தாள்.
பத்தே முக்கால்: தூங்கினாள்.
ஒன்று நாற்பது: விழித்தாள். வாசலுக்குப் போய் "ஏழு" என்றாள். "சாயங்காலம்" என்றேன். அடிக்கவில்லை, அழுதாள்.
இரண்டரை: அழுகை நின்றது. கூடாரத்துக்குள் போய் முனகிக்கொண்டு படுத்தாள். நீ சொன்ன முனகல் இதுதான் போலிருக்கிறது. நான் கேட்டதே இல்லை.
மூன்று பத்து: என் கண் செருகியது. எழுந்து முகம் கழுவினேன்.
நாலு ஐந்து: தூங்கினாள்.

டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

தும்பியின் அப்பா